முறை வைத்து வந்த அருள்

தெம்பனிஸ், சிங்கப்பூர்
7 செப்டம்பர் 2025

அன்புத் தங்கை சுசீலாவுக்கு அண்ணன் சுந்தரம் எழுதுவது.

இங்கே நானும் சரசுவும் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. போன மாதம் உன் தீவுக்கே வந்து நேரில் பார்த்துவிட்டேன். எலும்பும் தோலுமாக இருக்கிறாய்.

இரண்டு விமானம், ஒரு படகு, படகில் என்னோடு நாலு ஆடு. வீடு வந்து சேர்ந்த பிறகும் இரண்டு நாளைக்குத் தரை ஆடிக்கொண்டே இருந்தது. பஸ் ஓட்டுகிறவனுக்கு அடுத்தவன் ஓட்டும் வண்டி ஒத்துக்கொள்ளாது என்று உன் அண்ணி கேலி செய்கிறாள். கொசுக்காய்ச்சலுக்கு என்று நீ கொடுத்த மாத்திரைகளை ஊர் திரும்பியும் ஒழுங்காக விழுங்கி முடித்துவிட்டேன். அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

ஃபோன் பிடிக்காது என்று நீ சொன்னபோதெல்லாம் சாக்குச் சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன். குன்றின் மேல் ஏறி நானே கையைத் தூக்கிப் பார்த்த பிறகு நம்புகிறேன். இனிமேல் கடிதம்தான். தேக்கா கடைத்தெருவில் கடிதத்தாள் கேட்டால் கடைக்காரர், “எதுக்கு அண்ணே, பேரப்பிள்ளைக்கு ஸ்கூல் புராஜெக்டா?” என்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பது வருடம் ஆகிவிட்டது, சுசீ. இங்கே இருந்த நர்ஸ் வேலையை விட்டுவிட்டு மலேரியாவை ஒழிக்கப் போகிறேன் என்று இந்தோனேசியாவின் கிழக்கு மூலைக்குக் கிளம்பினாய். சரி என்றோம். அது ஒழியவில்லை, நீதான் தேய்ந்துகொண்டிருக்கிறாய். உனக்கு ஐம்பது வயது. உன் அறை அப்படியே இருக்கிறது. சரசு அதில் இஸ்திரிப் பலகையை மட்டும் வைத்திருக்கிறாள், நீ வந்தால் எடுத்துவிடுவாள். வந்துவிடு.

கோபமும் பாசமுமாக,
சுந்தரம்

—

2 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் சுசீலாவின் வணக்கம்.

நான் நன்றாக இருக்கிறேன். அண்ணி கொடுத்தனுப்பிய சாம்பார்ப் பொடியை மீன் குழம்பில் போட்டுச் சாப்பிடுகிறோம். இல்ஹாமுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. உங்களைப் படகில் அழைத்து வந்தாரே, அவர்தான். எங்கள் சுகாதாரப் பணியாளர், படகோட்டி, சண்டை வந்தால் நாட்டாமை எல்லாம் அவரே.

வந்துவிடு என்கிறீர்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மாதம் முழுக்க இந்தத் தீவில் ஒருவருக்கும் மலேரியா இல்லை. மைக்ராஸ்கோப்பைத் துடைத்து உறை போட்டு வைத்தேன். இந்த வருட ஆரம்பத்தில் வெளிநாட்டு உதவிப் பணம் சட்டென்று குறைந்தது. வீட்டுக்கு வீடு மருந்து அடிப்பது நின்றது. கொசுவலை பாதி வீடுகளுக்குத்தான் வந்தது. எந்தப் பாதி என்று நான்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. இப்போது தினமும் வாசலில் வரிசை நிற்கிறது.

கோபம் வருகிறது என்று சொல்ல மாட்டேன், அதற்கும் தெம்பு வேண்டும். சமைத்து இறக்கிய சோற்றை யாரோ திரும்ப அரிசியாக்கிக் கையில் கொடுத்த மாதிரி இருக்கிறது.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சுசீலா

—

தெம்பனிஸ்
26 அக்டோபர் 2025

சுசீலாவுக்கு,

தீபாவளி நல்லபடியாகப் போனது. தேக்காவில் கால் வைக்க இடமில்லை. உனக்கும் ஒரு புடவை எடுத்திருக்கிறாள் உன் அண்ணி. எங்கே கட்டப் போகிறாய், ஆட்டுக்கு முன்னாலா?

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உன்னிடம் பேசிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. அதனால் உனக்கு மேலே இருக்கிறவரிடம் பேசிவிட்டேன். வருகிற தைப்பூசத்துக்குப் பால்காவடி எடுக்கிறேன். சுசீலா வீட்டுக்கு வரணும். அது ஒன்றுதான் வேண்டுதல். உனக்குத் தெரியாமல் வேண்டிக்கொள்வது சரியில்லை என்றுதான் உனக்கு எழுதுகிறேன்.

ஐம்பத்தேழு வயதில் எதற்கு என்கிறாள் சரசு. இளவயதில் எத்தனையோ வருடம் எடுத்திருக்கிறேன், உனக்குத் தெரியும். முன்னால் போகிறவனுக்கு அருள் வரும், பின்னால் வருகிறவனுக்கு வரும், எனக்கு மட்டும் கால்தான் வலிக்கும். இந்த முறையாவது முருகன் என்னைத் திரும்பிப் பார்க்கிறாரா பார்ப்போம்.

உன் அண்ணன்,
சுந்தரம்

—

23 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணா,

நான் நலம். இங்கே மழை. அண்ணியின் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

என் பேரில் காவடி வேண்டாம். நீங்கள் தோள் வலிக்க நடந்து, நான் வராமல் போனால் யாருக்கு நான் பதில் சொல்வது, உங்களுக்கா முருகனுக்கா?

உதவி செய்யும் நாட்டுக்காரர்கள் கூடிப் பேசுகிறார்களாம். மலேரியாவை ஒழிக்கும் முயற்சியைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த தாளில் ‘புதுப்பிப்பு’ என்ற சொல் மட்டும் பத்து இடத்தில் இருக்கிறது. பணம் எவ்வளவு, எப்போது என்று ஓரிடத்திலும் இல்லை. எங்கள் திட்டம் டிசம்பரோடு முடிகிறது. அதற்குப் பிறகு என்ன என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.

வருகிறேன் என்று சொல்ல முடியவில்லை, அண்ணா. வரமாட்டேன் என்று சொல்லவும் முடியவில்லை. கடல் கொந்தளிக்கும் காலம், படகு தவறினால் கடிதமும் தவறும். பதில் தாமதமானால் பயப்பட வேண்டாம்.

சுசீலா

—

தெம்பனிஸ்
11 ஜனவரி 2026

அன்புத் தங்கைக்கு,

புத்தாண்டு வாழ்த்து. நவம்பருக்குப் பிறகு உன் கடிதமே இல்லை. படகைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, சுகமாக இருக்கிறோம்.

சுசீ, உனக்கு ஒரு சந்தோஷச் சேதி. எனக்கு அருள் வந்துவிட்டது!

டிசம்பர் நடுவிலிருந்து விரதம். ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் பாய், விடியலில் பச்சைத் தண்ணீர்க் குளியல். இந்த மாதம் இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, கோயிலில் உச்சிக்கால பூஜைக்கு நின்றுகொண்டிருந்தேன். தீபாராதனை காட்டும்போது முதுகுத்தண்டில் ஜில்லென்று ஏறியது. பல் கிட்டியது, கை கால் எல்லாம் உதறியது. பக்கத்தில் நின்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒரு அம்மா, “சாமி வந்துருக்குப்பா, திருநீறு கொடுங்க” என்றார். அப்புறம் உடம்பெல்லாம் நெருப்பு. வேர்த்துக் கொட்டி அடங்கியதும் அப்படி ஒரு அமைதி. நான் அழுதுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், உச்சிவேளையில் வருகிறது. வேடிக்கை கேள், அடுத்த வெள்ளிக்கிழமை ஊரே பார்க்கட்டும் என்று கோயிலில் போய்க் காத்திருந்தேன், வரவில்லை. அதற்கு முந்தின நாளும் அடுத்த நாளும் வீட்டுப் பூஜையறையிலேயே வந்தது. கூட்டம் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

கொஞ்சம் அசதியாக இருப்பதால் லீவு போட்டிருக்கிறேன். முப்பது வருடம் கேட்டும் தராததை இப்போது உனக்காகக் கேட்டபோது தந்திருக்கிறார். நீ வரப் போகிறாய் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

சந்தோஷத்துடன்,
சுந்தரம்

—

26 ஜனவரி 2026

அண்ணா,

நலம் விசாரிக்க நேரமில்லை. உங்கள் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. இல்ஹாம் படகில் காத்திருக்கிறார்.

அது அருள் இல்லை. மலேரியா.

தமிழில் இதற்கு முறைக்காய்ச்சல் என்றே பேர். முறை வைத்துக்கொண்டு வரும். குளிர், பிறகு சூடு, பிறகு வேர்வை, பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரு நாள். ஆகஸ்டில் உங்களைக் கடித்த கொசு கொடுத்த கிருமி ஈரலில் போய்ப் படுத்துத் தூங்கியிருக்கிறது. நான் கொடுத்த மாத்திரை ரத்தத்தில் இருப்பதைக் கொல்லும், ஈரலில் தூங்குவதைத் தொடாது. அதை உங்களிடம் சொன்னேன். நீங்கள் ஆட்டுக்குட்டியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் எழுதியதை நீங்களே நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் டியூட்டி, ஒரு நாள் ஆஃப். முப்பது வருடமாக பஸ் ஓட்டுகிறவருக்கு இது தெரிய வேண்டாமா? முருகனுக்கு ஏது அண்ணா ஆஃப் நாள்?

உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தீவுக்கு வந்துபோனதை டாக்டரிடம் சொல்லுங்கள். விரதம் என்று மருந்தை மறுக்காதீர்கள். இல்ஹாம் துறைமுகம் போனதும் அண்ணிக்கு ஃபோன் செய்து, இந்தத் தாளையும் படம் பிடித்து அனுப்புவார்.

என்னை மன்னித்துவிடுங்கள். ஆனால் போங்கள்.

சுசீலா

—

தெம்பனிஸ்
5 பிப்ரவரி 2026

அன்புள்ள சுசீலாவுக்கு அண்ணி சரசு எழுதுவது.

முதலில் இதைப் படித்துவிடு. உன் அண்ணன் பிழைத்துக்கொண்டார். இப்போது மூச்சு விட்டுக்கொண்டு மீதியைப் படி.

புதன்கிழமை இல்ஹாம் ஃபோன் செய்தார். அவர் “மலேரியா, மலேரியா” என்று கத்துகிறார், எனக்கு “மலேசியா” என்று விழுகிறது. நாங்கள் மலேசியா போகவே இல்லை என்று எனக்குத் தெரிந்த மலாயில் மூன்று தரம் சொன்னேன். பாவம், அந்த மனிதர் கடைசியில் நடுங்கிக் காட்டுவது போல் வாயாலேயே சத்தம் போட்டார். அப்புறம்தான் உன் தாள் வந்தது.

உன் அண்ணன் உனக்கு எழுதாததை நான் எழுதுகிறேன். புத்தாண்டு முடிந்ததுமே கீழே இருக்கும் கிளினிக்குக்குப் போனோம். டெங்கியா என்று பார்த்தார்கள், இல்லை. இங்கே காய்ச்சல் என்றால் டெங்கிதானே நினைப்போம்? தீவுக்குப் போனது ஆகஸ்டில், எனக்கும் தோன்றவில்லை. அவரும் இது காய்ச்சலே இல்லை, அருள் என்று முடிவு கட்டிவிட்டார். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை, முகம் மஞ்சள் பூத்துவிட்டது. அதையும் விரதக் களை என்றார்.

வியாழக்கிழமை உன் தாளைக் காட்டினேன். “அவளுக்கு எல்லாமே கொசுதான்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தைப்பூசத்துக்கு மூன்று நாள் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் படுக்க முடியாது என்றார். அன்றைக்கு ஆஃப் நாள் வேறு, ஆள் தெம்பாக இருந்தார். எனக்கு எங்கிருந்துதான் அந்த யோசனை வந்ததோ.

“அருளுன்னா இடம் பொருள் பாத்துத்தானே வரும்?” என்றேன்.

“ஆமா.”

“அப்ப நாளைக்குக் கோயிலும் வேணாம், பூஜையறையும் வேணாம். என்கூட தேக்கா மார்க்கெட்டுக்கு வாங்க. மீன் கடை முன்னாடி நில்லுங்க. அங்கயும் வந்துச்சுன்னா நேரா ஆஸ்பத்திரி. வரலைன்னா உங்க காவடிக்கு நானே பூக்கட்டித் தரேன்.”

சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். விரதக்காரன் கவுச்சி வாடையில் நின்றால் முருகன் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார் என்று அவருக்கு அத்தனை நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை போனோம். மஞ்சள் சட்டை, கழுத்தில் மாலை, தாடி. ஈரத் தரையில் நின்றுகொண்டிருந்தார், வருகிறவர்கள் எல்லாம் ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார்கள். உச்சிவேளை ஆனது. முதலில் விரல் நுனி ஆடியது. கையைக் கட்டி அக்குளில் ஒளித்துக்கொண்டார். அப்புறம் தாடை அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. ஐஸில் கிடக்கும் மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை, சுசீலா. “சாமி இல்ல லா இது, சரசு” என்றார். மீன்காரர் ஓடிவந்து ஸ்டூல் போட்டார்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மண்ணீரல் வீங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இப்போது காய்ச்சல் இல்லை. ஈரலில் தூங்குவதற்கும் மருந்து கொடுக்கிறார்கள்.

ஆனால் தைப்பூசத்தன்று அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் பால்குடம் எடுத்துவிட்டு வந்து திருநீறு நீட்டினேன், நெற்றியைக் காட்டவில்லை.

இன்னொன்று. உனக்கே போன வருடம் இரண்டு தரம் மலேரியா வந்ததாம், ஜனவரியிலிருந்து சம்பளமும் இல்லையாம். இல்ஹாம் சொன்னார். நீயும் கடிதத்துக்குக் கடிதம் நலம் நலம் என்றுதான் எழுதுகிறாய். அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு.

சரசு

—

22 பிப்ரவரி 2026

அன்புள்ள அண்ணா,

அண்ணியின் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடற்கரையில் போய் உட்கார்ந்து அழுதேன். சத்தமாகவே அழுதேன். உடம்பு தேறிவிட்டதா? மருந்தைக் கடைசி மாத்திரை வரை சாப்பிடுங்கள்.

இங்கே இது வந்தால் ஆவி பிடித்தது என்பார்கள், செய்வினை என்பார்கள். நான் ரத்தம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் காட்டி, பார் இதுதான் என்பேன். ஒன்பது வருடமாக அதைச் செய்கிறேன், ஒரு முறையும் மனம் கூசியதில்லை. உங்களிடமிருந்து அந்த நம்பிக்கையைப் பிடுங்க வேண்டி வந்தபோதுதான் கூசியது. உங்கள் சந்தோஷத்தை நான் எடுத்துக்கொண்டேன், அண்ணா. அதற்குப் பதிலாக என்னிடம் கொடுக்க ஒன்றுமில்லை.

சேதி ஒன்று உண்டு. பணம் வந்துவிட்டது. எல்லா நாட்டுக்காரர்களும் மறுபடி வாக்குக் கொடுத்திருக்கிறார்களாம், முன்னைவிடக் குறைவாக. திட்டத்துக்குப் புதுப் பெயர், புது டீ-சர்ட். இந்தத் தீவுக்கு மூன்று வருடத்துக்கு ஒரு நர்ஸ், எல்லா வீட்டுக்கும் கொசுவலை. மே மாதத்துக்குள் நான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள் தேடுவார்கள். கிடைக்கும்வரை இடம் காலியாகக் கிடக்கும்.

களைத்துப் போய்விட்டேன். மறுபடி முதல் வீட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று நினைத்தாலே கால் எழவில்லை. காவடி எடுக்க முடியாமல் போனது என்னால்தான். ஆகையால் நீங்களே சொல்லுங்கள். வா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், அடுத்த படகில் ஏறுகிறேன். சத்தியமாக.

சுசீலா

—

29 மார்ச் 2026

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் நலமா? படகு இரண்டு தடவை வந்துபோனது, உங்கள் பதில் இல்லை. அண்ணி மட்டும் ஊறுகாய் அனுப்பியிருக்கிறார்கள், கூட ஒரு வரி இல்லை. கோபமா?

துணிகளைத் துவைத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை.

சுசீலா

—

தெம்பனிஸ்
12 ஏப்ரல் 2026

அன்புத் தங்கை சுசீலாவுக்கு,

நான் சுகம். இந்த முறை நிஜமாகவே சுகம், ரத்தப் பரிசோதனை செய்து சொல்கிறேன். பஸ் ஓட்டவும் ஆரம்பித்துவிட்டேன்.

கோபம் இல்லை. கொஞ்ச நாள் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. முதுகில் ஜில்லென்று ஏறிய அந்த முதல் நாளை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. வெட்கத்துக்கு நடுவில், அது அருளாகவே இருந்திருக்கக் கூடாதா என்றும் இருக்கிறது. இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

உன் பிப்ரவரிக் கடிதம் வந்த அன்றைக்கே ‘வா’ என்று எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். அது வேலைக்குக் கொண்டுபோகும் பையிலேயே கிடந்தது. ஒவ்வொரு நாளும் தபால் பெட்டியைத் தாண்டித்தான் போகிறேன், போட முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு அதிகாரிகள் வந்தார்களாம். ஒவ்வொரு வீடாக ஏறி, பூந்தொட்டி, வாளி, துணி காயப்போடும் கம்பைச் செருகும் குழாய் வரை தேடிப் பார்த்து, சாக்கடைக்கு மருந்து அடித்து, கொசுப்பொறி வைத்துவிட்டுப் போனார்களாம். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா சரசுவிடம், “உங்க வீட்டுக்காரர் ஒருத்தருக்காகவா இத்தனை பேர்?” என்று கேட்டிருக்கிறார். ஆமாம், ஒருத்தனுக்காகத்தான். ஒரு பஸ் டிரைவருக்காக.

இல்ஹாம் துறைமுகத்துக்கு வரும்போதெல்லாம் என் உடம்பை விசாரித்து ஃபோன் செய்கிறார். போன மாதம் குரல் சரியில்லையே என்று நான் திருப்பிக் கேட்டேன். அவருக்கும் அவர் மனைவிக்கும் வந்திருக்கிறதாம், ஆளுக்கொரு நாள். இன்றைக்கு இவர் நடுங்கினால் நாளைக்கு அந்தப் பெண். “நல்லதுதான் அண்ணே, பிள்ளைகளுக்குத் தினமும் யாராவது ஒருத்தர் சோறாக்கிடுறோம்” என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். நான் பஸ் முனையத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்னால் சிரிக்க முடியவில்லை.

நீ இதை எனக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் நான் வா என்று சொல்ல மாட்டேன் என்று உனக்குத் தெரியும். என் வாயைக் கட்டக் கூடாது என்று நினைத்திருக்கிறாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு இந்தப் புத்தி.

நான் வா என்றால் நீ வந்துவிடுவாய். அதனால்தான், சுசீ, என்னால் சொல்ல முடியவில்லை. நீ வர வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்று எழுதத் தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை டோபி காட் ரயில் நிலையத்தில் இறங்கி டேங்க் ரோடு முருகன் கோயிலுக்கு நடந்தேன். ஜனவரிக்குப் பிறகு முதல் தடவை. எடுக்காமல் விட்ட காவடியை அடுத்த தைப்பூசத்துக்கு எடுக்கிறேன் என்று சொன்னேன். வேண்டுதலைத் திரும்ப வாங்கக் கூடாதுதான். நான் வாங்கவில்லை, நடுவில் இரண்டு வார்த்தை சேர்த்தேன். சுசீலா வேலை முடிஞ்சு வீட்டுக்கு வரணும்.

அது எப்போது முடியும் என்று உனக்கும் தெரியாது, வாக்குக் கொடுத்த நாடுகளுக்கும் தெரியாது. எனக்கு வயது ஐம்பத்தேழு. பார்க்கக் கொடுத்து வைத்திருக்கிறதோ இல்லையோ.

கையெழுத்துப் போடு.

உன் அண்ணன்,
சுந்தரம்